உறைநிலத்தின் மேல் நிற்கும் கட்டடங்களைக் குளிர்விக்கும் குழாய்கள் மட்டும் காப்பாற்றுமா?

கேட்டவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: ஆர்க்டிக் பகுதிகளில் காலங்காலமாக உறைந்து கிடந்த மண் உருகுவதால் வீடுகள் சாய்கின்றன, சாலைகள் நெளிகின்றன என்கிறார்களே, தரைக்குள் குளிர்விக்கும் குழாய்களை இறக்கிவிட்டாலோ தடிமனான வெப்பக்காப்புப் பலகையைப் பரப்பிவிட்டாலோ பிரச்சினை தீராதா? கேள்வி கருவியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது மண்ணைப் பற்றிய கேள்விதான். எந்த மண்ணை உறைந்தபடியே பிடித்து வைக்க முடியும், எதை உருகவிட்டு அதற்கேற்பக் கட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச முடியும். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரிக்கு மேல் போகாத நிலத்தைத்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம்; இங்கே உறைநிலம் என்று சொல்கிறேன். இந்த வரையறையில் பனிக்கட்டி என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உறைந்த கற்பாறையும் உறைநிலம்தான். விரிசல்களில் பனி நிறைந்திராத திடமான பாறை 0 டிகிரியைத் தாண்டினாலும் மேலே நிற்கும் கட்டடத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது, துகள்களின் இடைவெளி கொள்ளும் அளவுக்கும் மேலாகப் பனிக்கட்டியைச் சுமந்திருக்கும் வண்டல், களி மண்ணில். அதைவிட மோசம், ஆப்பு வடிவில் பல மீட்டர் கீழிறங்கும் பனிக்கட்டிப் பாளங்கள். 3 மீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கில் இப்படி மிகையான பனி 30 சதவீதம் என்றால், அது முழுதும் உருகி நீர் வடிந்ததும் தரை ஏறத்தாழ 90 செ.மீ. இறங்கும். கட்டடம் முழுவதும் ஒரே சீராக 90 செ.மீ. இறங்கினால்கூடச் சமாளிக்கலாம். ஒரு மூலைக்குக் கீழே பனி ஆப்பு இருக்கிறது, எதிர் மூலைக்குக் கீழே சரளை இருக்கிறது என்றால்தான் சுவர் பிளக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்: மண் பலவீனமாக அது உருகவே வேண்டியதில்லை. மைனஸ் 4 டிகிரியில் கல்லைப் போல நிற்கும் உறைந்த வண்டல், மைனஸ் 1 டிகிரிக்கு வந்ததும் உள்ளே உறையாத நீர்ப்படலம் கூடி, சுமையின் கீழ் மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களான பைல்களைப் பிடித்திருக்கும் பிடிமானமும் அதோடு குறையும். கடலோரத்து உப்பு மண்ணில் இது இன்னும் குளிர்ந்த வெப்பநிலையிலேயே நடந்துவிடும். மைனஸ் 4ஐ நம்பி எழுப்பிய கட்டடம், மண் மைனஸ் 1இல் உறைந்தே இருக்கும்போதும் இறங்கலாம்.

உலகெங்கும் ஆழ்துளைகளில் எடுத்த அளவீடுகளின்படி, 2007 முதல் 2016 வரையிலான காலத்தில் உறைநிலத்தின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி உயர்ந்திருக்கிறது. இது நேரடி அளவீடு, சந்தேகப்பட ஒன்றுமில்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வு, 2050க்குள் மேல்மட்ட உறைநிலம் உருக வாய்ப்புள்ள இடங்களில் சுமார் 40 லட்சம் மக்களும், உறைநிலப் பகுதியின் இன்றைய உள்கட்டமைப்பில் 70 சதவீதமும் இருப்பதாகக் கணக்கிட்டது. இது வேறு ரகம். ஒரு பிராந்தியத்தின் திசையைக் காட்ட உதவும். உங்கள் கட்டடத்தின் வடகிழக்கு மூலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அந்த ஆய்வு சொல்லாது. அதைத் துளை போட்டுத்தான் அறிய வேண்டும்.

இனி வெப்பக்காப்புப் பலகை. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். உள்ளே 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கட்டடத்தின் தளம் நேராகத் தரைமேல் கிடக்கிறது. அடியில் 10 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை. அந்தப் பலகை வெப்பம் கடத்தும் திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.03 வாட் என்று கொண்டால், கீழே 0 டிகிரியில் இருக்கும் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 6 வாட் இறங்கும். அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த 6 வாட் ஆண்டின் எல்லா நாளும் இரவும் பகலும் இறங்குகிறது. கூட்டினால் ஆண்டுக்கு 189 மெகாஜூல். பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம், அதாவது 0 டிகிரியில் அதை உருக்கத் தேவையான வெப்பம், கிலோவுக்கு 334 கிலோஜூல். கன அளவில் 40 சதவீதம் பனி உள்ள ஒரு கன மீட்டர் மண்ணை உருக்க ஏறத்தாழ 122 மெகாஜூல் போதும். அதாவது, இறங்கும் வெப்பமெல்லாம் உருக்கவே செலவானால் முதல் ஆண்டிலேயே ஒன்றரை மீட்டர். ஓரங்களில் கொஞ்சம் வெளியேறும், ஆழத்துக் குளிர் கொஞ்சம் விழுங்கும், உருகிய மண்ணே ஓரளவு தடுக்கும். ஆகவே நடைமுறையில் இதைவிடக் குறையும். பலகையை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகும். ஆனால் நிற்காது. வெப்பக்காப்பு தாமதப்படுத்துமே தவிர, குளிரை உண்டாக்காது. ஓரங்கள் குளிர்ந்து நடுப்பகுதி சூடாகவே இருப்பதால், உருகல் கட்டடத்தின் நடுவே கிண்ணம் போலக் குழிந்து இறங்கும். அகலமான கட்டடத்துக்குச் சேதம் அதிகமாவது இதனால்தான்.

எனவே கோடையில் உள்ளே போகும் வெப்பத்தைவிடக் குளிர்காலத்தில் வெளியே எடுக்கும் வெப்பம் அதிகமாக இருக்க வேண்டும். இதற்கு மிகப் பழைய, இன்றும் மிகச் சிறந்த வழி, கட்டடத்தைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது. பைல்களின் மேல் தளம், தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டர் போலத் திறந்த இடைவெளி, அதில் குளிர்காற்று தடையில்லாமல் ஓட்டம். நோரில்ஸ்க் நகரில் மிகயில் கிம் என்ற பொறியாளர் இந்த முறையைப் பல மாடிக் கட்டடங்களுக்கு நிலைநிறுத்தினார். சைபீரிய நகரங்கள் அதன் மேல்தான் வளர்ந்தன. வடிவமைப்பு கெடுவது அரிது. கெடுவது பராமரிப்பு. தளம் சில்லிடுகிறது என்று சுற்றிலும் பலகை அடித்து இடைவெளியை மூடிவிடுவார்கள். பழைய சாமான்களை அங்கே அடைப்பார்கள். காற்று வரும் பக்கம் பனி குவிந்து வழியை அடைக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது, தளத்துக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ ஒழுகுவது. மேலே யாருக்கும் தெரியாமல் அது ஆண்டுக்கணக்கில் ஒரே பைலின் வேரில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டிருக்கும்.

பைல் என்றால் வழக்கமாக எஃகுக் குழாய். அதைவிடச் சற்று அகலமாகத் துளை போட்டு, பைலை இறக்கி, சுற்றிலும் மணலும் நீரும் கலந்த குழம்பை ஊற்றி உறையவிடுவார்கள். சுமையைத் தாங்குவது அந்தப் பனிப் பிடிப்புதான். குழம்பை இயன்றவரை 0 டிகிரிக்கு அருகில் வைத்து ஊற்ற வேண்டும். அதன் வெப்பம் முழுவதும் சுற்றியுள்ள மண்ணுக்குள்தான் போகிறது. மண் மைனஸ் 5இல் இருந்தால் உறைவது சில நாள் வேலை. மைனஸ் 1இல் இருந்தால் வாரக்கணக்கில் ஆகும். நாட்காட்டியைப் பார்த்துச் சுமை ஏற்றாதீர்கள். துளைக்குள் விட்ட தெர்மிஸ்டர் என்னும் வெப்பநிலை உணரி, குழம்பு உறைந்துவிட்டது என்று காட்டிய பிறகே ஏற்றுங்கள். மேலே ஒவ்வொரு கோடையும் உருகி ஒவ்வொரு குளிர்காலமும் உறையும் அடுக்கு இருக்கிறதே, அது உறையும்போது பைலைப் பற்றி மேலே இழுக்கும். லேசான கட்டடங்களின் பைல்கள் வருடந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவது இப்படித்தான். அந்த ஆழம் வரைக்கும் பைலுக்குக் கிரீஸ் பூசி வழுக்கும் உறை மாட்டுவதும், வண்டலை அகற்றிச் சரளை நிரப்புவதும் மாற்று.

இப்போது நீங்கள் கேட்ட குழாய்கள். தெர்மோசைஃபன் என்பது இரு முனையும் மூடிய ஒரு குழாய். உள்ளே அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடோ அம்மோனியாவோ இருக்கும். கீழ்முனை மண்ணில், மேல்முனை துடுப்புகளோடு வெளிக்காற்றில். காற்று மண்ணைவிடக் குளிர்ந்ததும் கீழே உள்ள திரவம் மண்ணின் வெப்பத்தை வாங்கி ஆவியாகும், மேலே ஏறிக் குளிர்ந்து திரவமாகும், சுவரில் வழிந்து கீழே இறங்கும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் மேல்முனை சூடாகிவிட்டால் ஆவி அங்கே குளிர வழியில்லை, ஓட்டம் தானாக நின்றுவிடும். கோடை வெப்பம் இந்த வழியாகக் கீழே இறங்காது. 1977இல் முடிந்த 1,287 கிலோமீட்டர் அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது. ஏறத்தாழ 78,000 தூண்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டிரண்டாக, மொத்தம் 1,24,000 அம்மோனியாக் குழாய்கள். சூடான எண்ணெயைச் சுமந்தபடி அது உறைநிலத்தின் மேல் நிற்க இந்தக் குழாய்களே முக்கியக் காரணம்.

கட்டடத்தைத் தூக்க முடியாத இடங்களில், வண்டி நிறுத்தும் கொட்டகை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றில், இதே குழாயைப் படுக்கை வசத்தில் தளத்துக்கு அடியில் சரளைக்குள் பதிப்பார்கள். அங்கே குழாய்க்கு மேலே வெப்பக்காப்புப் பலகை கட்டாயம். பலகை கீழிறங்கும் வெப்பத்தைக் குறைக்கிறது, குழாய் மிச்சத்தைக் குளிர்காலத்தில் வெளியே எடுக்கிறது. உங்கள் கேள்வியில் இதுவா அதுவா என்று நின்ற இரண்டும் இங்கே ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

இந்தக் குழாய்களும் பழுதாகும். வாயு கசியும், பனி அள்ளும் வண்டி இடித்துத் துடுப்பு வளையும், அம்மோனியாக் குழாய்களில் நாளடைவில் ஹைட்ரஜன் போன்ற, குளிர்ந்தாலும் திரவமாகாத வாயு மேல்முனையில் தங்கி ஆவி ஏறும் வழியை அடைக்கும். சோதிப்பது எளிது: கடும் குளிர் நாளில், வெயில் இல்லாத நேரத்தில், அகச்சிவப்புக் கேமராவால் பாருங்கள். வேலை செய்யும் குழாயின் துடுப்பு சுற்றுக்காற்றைவிட வெதுவெதுப்பாகத் தெரியும். பக்கத்துக் குழாய்கள் ஒளிரும்போது ஒன்று மட்டும் இருண்டு கிடந்தால் அது செத்துவிட்டது. இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். குழாய் நின்ற தாக்கம் தரை மட்டத்தில் தெரிய ஓரிரு கோடைகள் ஆகும், அப்போது பார்த்துப் பயனில்லை.

சாலைக்கும் ரயில் பாதைக்கும் வேறு தர்க்கம். அங்கே மேலே வெப்பமூட்டும் கட்டடம் இல்லை; ஆனால் கறுத்த தார் மேற்பரப்பு வெயிலை விழுங்குகிறது, சாலையைத் தாங்க உயர்த்திய மண்மேடான கரையின் சரிவில் பனி குவிகிறது. பனி மிகச் சிறந்த கம்பளி. ஒரு மீட்டர் பனிக்குக் கீழே இருக்கும் மண், குளிர்காலம் முழுவதும் வெளிக்காற்றின் குளிரைக் காணாமலே தப்பிவிடும். சாலையின் நடுப்பகுதியை வண்டிகளுக்காகச் சுரண்டிச் சுத்தமாக வைக்கிறார்கள், அது நன்றாக உறைகிறது. சுரண்டிய பனி ஓரத்தில் குவிகிறது, அங்கே உருகுகிறது. விளைவு, சாலையின் தோள்பட்டை வெளிப்பக்கம் சரிந்து, சாலை நெடுக நீண்ட விரிசல் ஓடும். இந்த விரிசலைத் தார் ஊற்றி அடைத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, காரணம் விரிசலில் இல்லை, சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது.

சிங்ஹாய் - திபெத் ரயில் பாதையில் 2006இல் திறந்த கோல்முட் - லாசா பகுதி 1,142 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உறைநிலத்தின் மேல் போகிறது. கரையை வெறுமனே உயர்த்திக் காப்பதை விட்டு, கரையே மண்ணைக் குளிர்விக்கும்படி செய்ய வேண்டும் என்ற கருத்தை செங் குவோடோங் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் அங்கே முன்வைத்தார்கள். உடைகல் கரை அதில் முக்கியமானது: 10 முதல் 30 செ.மீ. வரையிலான கற்களை, தூள் இல்லாமல், தடிமனாக அடுக்குவார்கள். குளிர்காலத்தில் மேலே உள்ள கனமான குளிர்காற்று கற்களின் இடைவெளிகளில் இறங்கும், அடியிலுள்ள வெதுவெதுப்பான காற்று ஏறும். கோடையில் குளிர்ந்த காற்று அடியிலேயே தேங்கிக் காப்புப் போல நிற்கும். தெர்மோசைஃபன், கரைக்குள் குறுக்காகக் காற்றுக் குழாய், சரிவின் மேல் வெயில் மறைப்பு எல்லாமே அங்கே உண்டு. மண் மிக மோசமாக இருந்த இடங்களில் கரையையே கைவிட்டுப் பாலமாக்கினார்கள். சிங்ஷுயிஹே பாலம் 11.7 கிலோமீட்டர். உடைகல் கரையின் எதிரி தூள். காற்றடித்து வரும் மணலோ மேலிருந்து உதிரும் சரளையோ இடைவெளிகளை நிரப்பினால் அது சாதாரணக் கரையாகிவிடும். எத்தனை ஆண்டுகளில் அப்படி நிரம்பும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பொதுவான ஆயுள் எண் ஒன்றைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

சாலைக்குள் பலகை பதிப்பதானால் குளிர்காலக் கடைசியில், மண் மிகக் குளிர்ந்திருக்கும்போது பதியுங்கள். கோடையில் பதித்தால் வெப்பத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். மேற்பரப்புக்கு மிக அருகிலும் வைக்கக் கூடாது. சக்கரச் சுமையில் நசுங்கும் என்பது ஒரு காரணம். கீழிருந்து வெப்பம் வராமல் அந்த இடம் மட்டும் முன்கூட்டியே பனி படர்ந்து வண்டி வழுக்கும் என்பது இன்னொன்று. கனடாவில் 2017 நவம்பரில் திறந்த இனுவிக் - டக்டோயாக்டுக் நெடுஞ்சாலையில் கையாண்ட ஒழுங்கு எளிமையானது: தரையை எங்கும் வெட்டாதே, பாசி மெத்தையைச் சுரண்டாதே, ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து அதன் மேல் மண்ணைக் கொட்டு, கரை கட்டும் வேலையைக் குளிர்காலத்தில் செய். அந்தப் பாசியும் கரிமண்ணும் கோடையில் காய்ந்து வெப்பத்தைத் தடுக்கும், குளிர்காலத்தில் நனைந்து உறைந்து குளிரை உள்ளே விடும். இயற்கை இலவசமாகக் கொடுத்த காப்பு.

எல்லாவற்றிலும் அலட்சியம் செய்யப்படுவது நீர். ஒரு நொடிக்கு ஒரு லிட்டர், 5 டிகிரி வெப்பம், அவ்வளவு சின்ன ஓடை கரையின் அடிவாரத்தில் ஓடி 0 டிகிரிக்குக் குளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விடும் வெப்பம் சுமார் 21 கிலோவாட். அவ்வளவும் பனியை உருக்கப் போனால் நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் பனிக்கட்டி கரையும். எந்த வெப்பக் காற்றும் இந்த வேகத்தில் உருக்காது. எனவே கரையின் அடியில் குட்டை தேங்கவே கூடாது. பக்கவாட்டு வாய்க்கால் வெட்டுவதும் கூடாது, வெட்டினால் மண்ணுக்குள் உள்ள பனிக்கட்டி வெளிப்படும். நீரைக் கரைக்குத் தொலைவிலேயே, மேடு கட்டித் திருப்ப வேண்டும். சாலைக்கு அடியில் நீர் போகும் கல்வெர்ட்டுகள் வசந்தத்தில் பனி அடைத்துக் கிடக்கும். வெள்ளம் வருவதற்கு முன் நீராவி விட்டுத் திறக்க ஆள் வேண்டும். கனடாவின் சிஎஸ்ஏ தரநிலைகளில் எஸ்500 தெர்மோசைஃபனுக்கும் எஸ்501 ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கும் உரியவை. வடிகாலுக்கென்றே எஸ்503 என்று தனி ஏடு இருப்பது காரணத்தோடுதான்.

ஒரு கட்டடம் இறங்கினால் எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போடுவதும் சரியல்ல. 2020 மே 29 அன்று நோரில்ஸ்கில் டீசல் தொட்டி ஒன்றின் அடித்தளம் இறங்கி, சுமார் 20,000 டன் டீசல் வெளியேறியது. முதலில் உறைநிலம் உருகியதே காரணம் என்று சொல்லப்பட்டது; பின்னர் நடந்த அரசு விசாரணை வடிவமைப்பு, கட்டுமானம், கண்காணிப்புக் குறைகளைச் சுட்டியது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வெப்பமாகும் மண் பழைய குறைகளை மன்னிப்பதில்லை என்பது மட்டும் உறுதி.

கண்காணிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. தெர்மிஸ்டர் வடத்தைக் குறைந்தது 10, 15 மீட்டர் வரை இறக்கி, இறக்குவதற்கு முன் பனிக்கட்டி நீரில் வைத்து 0 டிகிரியைச் சரிபார்க்க வேண்டும். ஆண்டாண்டாக மைனஸ் 3, மைனஸ் 2, மைனஸ் 1 என்று ஏறிய எண், மைனஸ் 0.2இல் வந்து பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். நிலைத்துவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். உண்மையில் அப்போதுதான் வரும் வெப்பமெல்லாம் பனியை உருக்குவதில் செலவாகிறது. அதனால்தான் எண் நகரவில்லை. அந்த நிலையில் வெப்பநிலையைவிட, தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் மட்ட அளவீடே உண்மையைச் சொல்லும். அதற்கான குறிக்கல், மேலடுக்கின் அசைவு தொடாதபடி உறை மாட்டி ஆழத்தில் ஊன்றியதாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடம் என்றால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஒழுகல், பிறகு மழைநீரும் உருகுநீரும் போகும் வழி, பிறகு பனிக் குவியல், பிறகு அடித்தள இடைவெளியைத் திறப்பது. இவை நான்கும் மலிவு. தெர்மோசைஃபன் அதற்குப் பிறகு. மண் ஏற்கெனவே மைனஸ் 1க்கு மேலே, குளிர்காலமும் குறுகிக்கொண்டே போகிற இடத்தில், குளிர்காற்றை மட்டும் நம்பும் குழாய் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பது, வரும் 30 ஆண்டுகளின் குளிரை எந்தக் கணிப்பில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடையில் இயந்திரக் குளிரூட்டியை இணைக்கும்படி குழாயை அமைக்கலாம், மின்சாரம் செலவாகும். ரஷ்ய விதிமுறையில் முதல் கொள்கை, இரண்டாம் கொள்கை என்று இரண்டாகப் பிரிப்பார்கள்: உறைந்தபடி காப்பது, அல்லது உருகும் என்று ஏற்றுக் கட்டுவது. பனி நிறைந்த வெதுவெதுப்பான மண்ணில் இரண்டாவதை ஏற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பனி அடுக்கு மெலிதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே உருக்கி, அள்ளிவிட்டு, சரளை நிரப்பலாம். இல்லையென்றால் வளையாத சட்டகத்தின் மேல் கட்டடத்தை வைத்து, ஒவ்வொரு தாங்கியிலும் திருகு ஜாக்கி பொருத்தி, ஆண்டுக்கொருமுறை மட்டம் பார்த்துத் திருப்பலாம். அப்போது குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வளையும் குழாயாக, இறக்கத்துக்கு இடம் விட்டு இருக்க வேண்டும். கட்டடத்தை அழகாகத் தூக்கி நிறுத்தி, விறைப்பான குழாயை முறித்து, அந்த ஒழுகலாலேயே மீண்டும் மண்ணை உருக்கிய கதை அடிக்கடி நடப்பது.

குறிப்பிட்ட ஒரு கட்டடத்தை மனதில் வைத்துக் கேட்டிருந்தால் மூன்று விவரங்கள் தாருங்கள்: மீட்டர் மீட்டராகப் பனியின் அளவு, 10 மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, வசந்தத்தில் உருகுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. துளையிட்டு எடுத்த மண்மாதிரியை உறைந்த நிலையிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் உருகிய மாதிரியிலிருந்து பனியின் அளவைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது.